மீரான் பாய் சொல்லாத பதில்

வாருங்கள், உட்காருங்கள். வீட்டில் எல்லோரும் சுகந்தானே? உங்கள் பக்கம் மழை உண்டா?

நெல்லை ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் எப்போதாவது தங்கியிருந்தால், வாசல் மேசையில் போன் எடுக்கும் மீரான் பாயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் போய்விட்டார். முந்தாநாள் லாட்ஜுக்கு அவருக்கு நார்த்தங்காய் கொண்டுபோன என் தங்கை, பையோடு அப்படியே திரும்பி வந்தாள். "அடக்கமே முடிஞ்சிட்டாம்ண்ணே," என்றாள்.

சில வருஷங்களுக்கு முன்னால், புருஷன் அடி தாங்காமல் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். செல்போனை அணைத்துவிட்டாள். என்னிடம் வந்தால் அவன் முதலில் இங்கேதான் தேடி வருவான் என்று பயம். உயிரோடு இருக்கிறாளா என்றே எனக்குத் தெரியாது. ஜங்ஷன் லாட்ஜுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒரு லாட்ஜில் மீரான் பாய் எடுத்தார்.

"இருக்காவன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. யாரு கேட்டாலும் அதான்."

"வே, நான் கூடப்பொறந்தவன்வே!"

"காலைல ஒரு ஆளும் இதத்தான் சொன்னாரு. உங்களவிட நல்லா அழுதாரு."

அவள் புருஷன்தான், வேறு யார்?

"கோவப்படாதிய. ரூம் தாப்பாள உள்பக்கந்தான அடிச்சிருக்கு? போனுக்கும் அப்படித்தான். அவியளுக்கு மட்டும் தெரிஞ்ச சேதி ஒண்ணு சொல்லுங்க. அப்படி யாரும் இருந்தா காதுல போடுதேன். தோணுனா அவியளே பேசுவாவ."

எனக்கு வாயில் வந்தது இதுதான்: "அம்மா மூக்குத்தியக் காக்கா தூக்கலன்னு சொல்லும்."

அது தனிக் கதை. சின்னப் பிள்ளையில் நாங்கள் இருவரும் அம்மாவின் மூக்குத்தியை எடுத்து விளையாடி வாய்க்காலில் விட்டுவிட்டு, பழியைக் காக்கையின் மேல் போட்டோம். அம்மா சாகும்வரை காக்கைக்கு அமாவாசைச் சோற்றைக்கூட முறைத்துக்கொண்டேதான் வைத்தாள். பாவம், அந்தக் காக்கைகளுக்கு என்ன தெரியும்? சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

"காக்காவா?" என்றார் பாய். சிரிப்பை அடக்கியது கேட்டது. போனை வைத்துவிட்டார்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பிறகு போன் அடித்தது. "அண்ணே," என்றாள். அன்றைக்கே போய் அழைத்து வந்தேன். இப்போது என்னோடுதான் இருக்கிறாள்.

நேற்று இருவரும் மேலப்பாளையத்தில் அவர் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனோம். அவர் மனைவி தங்கையைப் பார்த்து, "யாருன்னு தெரியலியேம்மா," என்றார். வருஷா வருஷம் எங்கள் நார்த்தங்காயைத் தின்ற வீடு! தங்கை நார்த்தங்காயைச் சொன்னாள்.

"நார்த்தங்கா குடுக்கது நீதானா? யாரு குடுத்தான்னு கேட்டா, 'அத அந்தப் புள்ளதான் சொல்லணும்'பாவ. கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல."

தங்கை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். எனக்கென்று சொல்லாததை நான் கேட்கக் கூடாது. பாயிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அது ஒன்றுதான். தெருவில் நின்று அழுதேன்.

இனி எந்த எண்ணுக்குப் போட்டால் அந்தக் குரலைக் கேட்பேன்? கொஞ்சம் கரகரத்த குரல். ஆனால் அந்தக் கரகரப்பில் ஒரு…

"அண்ணே, சோறு ஆறுது! வாரியா இல்லியா?"