லாரிக்காரர் நீட்டிய கை

சாலையில் இறங்காமலே சாலையை ஆராய்வது எங்கள் தொழில்: கணினித் திரையில் வண்டிகளை ஓடவிட்டு, அவை ஒன்றுக்கொன்று கம்பியில்லாமல் செய்தி அனுப்பினால் மோதல் குறையுமா என்று பார்க்கிறோம். “என்ன வே, இருந்த இடத்துல வண்டி விளையாட்டா?” என்று சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

கைக்கு இடமில்லை

வெளிநாட்டு வேலையை விட்டுவந்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். உடன் வேலைபார்க்கும் ஜெபா, போன வருஷம் சீவலப்பேரி சாலையில் தம்பியைப் பறிகொடுத்தவர். முன்னால் போன லாரிக்காரர் கையை வெளியே நீட்டி அசைத்திருக்கிறார். முந்தச் சொல்கிறார் என்று தம்பி பைக்கை முன்னால் விட்டிருக்கிறான்; எதிரே பஸ். ‘பைய வா, முந்தாதே’ என்றுதான் காட்டினேன் என்றாராம் லாரிக்காரர். அன்றிலிருந்து ஊரே, பெற்ற தாய் உட்பட, அவன் அவசரத்தைத்தான் ஏசுகிறது.

அதைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாமா என்றார் ஜெபா. நான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கணினி நிரலில் பிரேக் உண்டு, இண்டிகேட்டர் உண்டு, கை இல்லை. தயங்கினேன்.

“கையச் சேருங்க சார். அவன் தப்பு பண்ணுனானான்னு எனக்குத் தெரியணும்.”

ஒரே கை

அந்த அசைவுக்கு என்ன பொருள் வைப்பது? தச்சநல்லூரில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு லாரி ஓட்டுநர்களிடம் ஜெபா கையை நீட்டிக் காட்டினார். “முந்திப் போன்னு சொல்லுதீய” என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார்: “ஏலே, நீ இன்னுமா உசுரோட இருக்க? அது பைய வான்னுல்லா!” பேச்சு முற்றியது. எதற்குக் கேட்கிறோம் என்று சொன்னோம். சிரித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்பம் அந்தத் தம்பிய ஒண்ணும் சொல்லாதீய. நெதம் ஓட்டுத நாங்களே ரெண்டா சொல்லுதோம்லா.”

சீவலப்பேரியில்

இரண்டு பொருளையும் வைத்து ஓட்டினோம். கையை மட்டும் நம்பிய பைக் சில தடவை தப்பியது, சில தடவை மோதியது. எதிரே பஸ் வருவதைப் பைக்குக்குச் செய்தியாக அனுப்பியதும், லாரிக்குப் பின்னாலேயே அடங்கிப் போனது.

ஜெபா என்னைச் சீவலப்பேரியில் இருக்கும் தன் அம்மாவிடம் கூட்டிப்போனார். மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினேன். செய்தி வந்தால் நிற்பான் என்று எழுதியது நான்தான், அவன் நின்றிருப்பானா என்பது எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நிப்பான்யா. சொன்னாக் கேக்குத பய. அவங்கிட்ட யாரும் சொல்லலியே.”

ஒரு செய்தி கண் இமைக்கும் நேரம் பிந்தினாலே குறை என்று எழுதுகிற தொழில் எங்களுடையது. அவனை ஏச வேண்டாம் என்ற இந்த ஒரு செய்தி பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போய்ச்சேர ஒரு வருஷம் பிடித்தது.