தகப்பனார் அல்லது கணவர் கையெழுத்து

எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. அந்த விண்ணப்பப் பாரம் எங்கள் துறைக்கு வந்த அன்று நான் பேசிய பேச்சில் பக்கத்து லேபில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் திருப்பதியில் பௌதிகத்தில் ஆராய்ச்சி மாணவி. வானத்தின் மேல்மட்டத்தில் ரேடியோ அலை எவ்வளவு தேய்கிறது என்று, சுற்றிக்கொண்டே இருக்கும் காகிதத்தில் பேனா கோடு போட்டுக் காட்டும் ஒரு கருவியைக் கட்டியிருந்தேன். மூன்று வருஷ உழைப்பு. அந்தத் தேய்மானம் துருவப் பக்கம்தான் அதிகம். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு என் பேனா வரைந்ததெல்லாம் சவசவ என்று ஒரே கோடு. அப்போதுதான் தென் துருவப் பனிக்கண்டத்துக்குப் போகும் கப்பலில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கும் இடம் உண்டு, துறைக்கு ஒருவர் பெயரை அனுப்பலாம் என்று கடிதம் வந்தது.

எங்கள் பேராசிரியர் அதிகம் பேசாதவர். "கருவியைக் கட்டியது நீ. வேறொருத்தன் கையில் கொடுத்து அனுப்பினால் மூன்றாம் நாளே நின்றுபோகும்" என்று தெலுங்கில் சொல்லி, என் பெயரை எழுதிவிட்டுப் பாரத்தை என்னிடம் தள்ளினார். எனக்கு முன்னால் எங்கள் துறையில் வெளியூர்க் களப்பணிக்குக்கூட ஒரு பெண்ணை அனுப்பியதில்லை. சந்தோஷப்பட வேண்டியவள், பாரத்தைப் படிக்கப் படிக்கப் பயத்தில் உளறத் தொடங்கினேன். முதுகில் பதினைந்து கிலோ சுமந்து ஏற வேண்டும். கப்பல் ஏறுவதற்கு முன்னால் இமயமலைப் பனியில் பயிற்சி. அதில் தேறாதவர்கள் வீட்டுக்குத் திரும்பலாம். எங்கள் வீட்டில் பனிக்கட்டியை யார் பார்த்தது? சோடாக் கடையில் மரத்தூள் ஒட்டியிருக்குமே, அதுதான். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: 'விண்ணப்பிப்பவர் பெண்ணாக இருந்தால், தகப்பனார் அல்லது கணவர் கையெழுத்து.' எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கணவர் இல்லை. நைனா இருந்தார்.

நைனா பாகாலா ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். வீடு சித்தூரில், மிஷன் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் போகிற தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்குப் பக்கத்திலேயே. சபைக் கமிட்டியில் அவரும் ஒருவர். முதலில் பாரத்தைக் காட்டியபோது, "இவ்ளோ தூரமா?" என்றாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. "வெச்சிட்டுப் போ, படிச்சிட்டு போட்றேன்" என்றார். ஆகா, காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். என்னைப்போல ஒரு முட்டாள் உண்டா?

இப்போது சுமை. திருப்பதியில் சுமையோடு ஏறிப் பழக வேண்டுமென்றால் வேறு எங்கே போவது? அடிவாரத்து அலிபிரியில் தொடங்குகிறது திருமலைப் படி, மூவாயிரத்துச் சொச்சம். ஹாஸ்டலில் என் அறைத் தோழி ஒருத்தி, ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிற தெலுங்குப் பெண், "நான் கூட வரேன்" என்றாள். ஒரு கான்வாஸ் பையில் செங்கற்களைப் பழைய புடவையில் சுற்றி அடுக்கினோம். கோயிலுக்குள் போவதில்லை, பாதி வழியில் இருக்கும் கோபுரம் வரை ஏறிவிட்டு இறங்கிவிடுவது என்று ஏற்பாடு.

முதல் நாள் விடியற்காலையில் அடிவாரத்தில் நின்றபோதுதான் தோழி இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மஞ்சளும் குங்குமமும்.

"என்னடி இது?"

"நீ செலக்ட் ஆகணும்னு வேண்டிக்கிட்டேன். படி படியா வெச்சுக்கிட்டே வரேன். நீ உன் செங்கல்லைச் சும, நான் என் வேண்டுதலைப் பார்க்கிறேன்."

என் பொருட்டு ஒருத்தி ஆயிரக்கணக்கான தரம் குனியப் போகிறாளே! இருபது படி வைப்பதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நடுவுல விட்டா பலிக்காது" என்று அழுகிற மாதிரி சொன்னாள். நான் என்ன செய்வது? பொட்டலத்தை வாங்கி அடுத்த நாலு படிக்கு நான் வைத்தேன். முதுகில் செங்கல், கையெல்லாம் மஞ்சள். அவள் மூச்சு வாங்கி எழுந்ததும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அந்த நாலு படியைத்தான் எங்கள் சபை அக்கா ஒருவர் பார்த்தார். நர்ஸ் வேலை முடித்து அங்கே பஸ்ஸுக்கு நின்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் நேரே நைனாவிடம் வந்து, நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு மஞ்சள் குங்குமம் வெச்சிக்கினு மலை ஏறிக்கினு இருக்குது. நேர்த்திக்கடன் போல. மூட்டை வேற சுமக்குது."

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. யாரைப் பற்றியாவது இப்படிப் பேச்சு வந்தால், அடுத்த திருவிருந்துக்கு முன்னால் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால் திருவிருந்தில் அப்பத்துக்குக் கை நீட்ட முடியாது. மற்ற வீடுகளுக்குப் போய்க் கேட்கிறவர் நைனா. இந்த முறை அவர் வீட்டு நாற்காலியில் வேறு இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் போன பிறகு நைனா என்னைக் கூப்பிட்டார்.

"படியில குங்குமம் வெச்சியா?"

"வெச்சேன்."

"ஏன்?"

"அவளுக்கு இடுப்பு வலிச்சுது நைனா."

அடுப்படியில் இருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமுவதுபோல மறைத்தாள். நைனா சிரிக்கவில்லை. பாரத்தை நாலாக மடித்துத் தம் ஆபீஸ் பைக்குள் வைத்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார்.

அந்தப் 'பாக்கலாம்' என்னைப் பாடாய்ப் படுத்தியது. பேராசிரியர், வருகிற சனிக்கு அடுத்த சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பாரம் தம் மேஜையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறையில் அடுத்த பெயரை அனுப்ப வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அடுத்த பெயர் எனக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்த பையன். நல்லவன்தான். என் கருவிக்குப் பேனாவில் மை நிரப்பக்கூட அவனுக்குத் தெரியாது. சாதம் இறங்கவில்லை. கணக்குப் போட்டால் ஒன்று போட வேண்டிய இடத்தில் ஏழு விழுகிறது. தோழிதான் விடாமல் காலையில் எழுப்பினாள். "கையெழுத்து வருமோ வராதோ, செங்கல் சுமக்கறதை நிறுத்தாதே" என்று பையை என் முதுகில் மாட்டிவிடுவாள். படியில் போகிற பக்தர்கள், "இது என்னம்மா, செங்கல் நேர்த்தியா?" என்று கேட்பார்கள். சபைக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்!

திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற பாசஞ்சர் பாகாலாவில் நின்றுதான் போகும். அந்தப் பத்து நாளில் இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் நைனா பிளாட்பாரத்தில் டீயோடு நின்றார். மழை பற்றிப் பேசினார், அம்மாவின் முட்டிவலி பற்றிப் பேசினார். "நைனா, கையெழுத்து..." என்று நான் ஆரம்பித்தால், "வண்டி கிளம்பிடும், ஏறு ஏறு" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வண்டி அதற்கப்புறம் கால் மணி நேரம் அங்கேயே நின்றது. நான் ஜன்னலுக்குள், அவர் வெளியே. எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. பாரம் இல்லை. எப்படியும் போகப் போவதில்லை, எதற்கு ஏறுவது என்று படுத்திருந்தவளைத் தோழி இழுத்துக்கொண்டு போனாள். அடிவாரத்தில் குடையும் ஆபீஸ் பையுமாக நைனா நின்றுகொண்டிருந்தார்.

திட்டத்தான் வந்திருக்கிறார், அதுவும் இத்தனை ஜனத்துக்கு நடுவில். அவரோ என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"எவ்ளோன்னு சொன்னாங்க?"

"பதினைஞ்சு கிலோ."

"இது பதினெட்டு இருக்குது. யார்கிட்ட சொல்ற? ஏறு, பாக்கலாம்."

எல்லாரும் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்துத் தாமும் கழற்றிக் குடைக் காம்பில் மாட்டிக்கொண்டார். சுற்றிலும் கோவிந்தா கோவிந்தா என்று குரல். சபைக் கமிட்டிக்காரர் வெறுங்காலோடு என் பின்னால் ஏறி வந்தார். தோழி பயந்துபோய், அன்றைக்குப் பொட்டலத்தை எடுக்கவே இல்லை. கோபுரத்துக்குக் கீழே வந்ததும் நைனா உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று தோழி நகர்ந்தாள்.

"அங்க உன்னோட யாரு போறாங்க?"

"எல்லாம் ஆம்பளைங்க நைனா. போனா நான் ஒருத்திதான்."

"டாக்டரு?"

"ஒருத்தர் இருப்பாராம்."

"உடம்புக்கு வந்திச்சுன்னா? ஊருக்கு?"

"கப்பல் திரும்பறப்பதான்."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "கமிட்டிக்காரங்க வந்து கேட்டாங்க இல்ல? அன்னிக்கு எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சும்மா. குங்குமத்த சாக்கு வெச்சு உன்ன நிறுத்திடலாம், நானா வேணாம்னு சொல்ல வேண்டியதில்லன்னு. இடுப்பு வலின்னு நீ சொன்னதும் நம்பிட்டேன். நம்பாத மாதிரியே இருந்துட்டேன். எனக்கு பயம்மா. ராத்திரி தூக்கம் இல்ல."

பத்து நாளாக நான் மனசுக்குள் அவரோடு போட்ட சண்டையெல்லாம் எங்கே போயிற்றோ! "எனக்கும் பயமாத்தான் இருக்குது நைனா" என்றேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. பயப்படுகிறாள் என்று தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று அதற்கும் ஒரு பயம்.

"அப்புறம் ஏன் போற?"

"அது நான் கட்டினது. அங்க வெச்சாத்தான் அது என்ன சொல்லுதுன்னு தெரியும்."

நைனா பையிலிருந்து பாரத்தை எடுத்தார். செங்கல் பையின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவரைத் தோழியோடு விட்டுவிட்டு அரைமணிக்குள் நான் கீழே இருந்தேன். பதினொன்றரைக்குப் பேராசிரியர் மேஜையில் பாரம். அடுத்த திருவிருந்து தொடங்கும் முன் நைனா எனக்கு முன்னால் நின்று கமிட்டிக்குப் பதில் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு இடுப்பு வலி. இது ஒத்தாசை பண்ணிச்சு. அவ்ளோதான்." சபைப் போதகர் ஐயர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் தபால்காரரின் சைக்கிள் மணிக்கெல்லாம் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பதில் வந்தது. நான்கே வரி. கருவி மிகவும் பயனுள்ளது. ஆனால் இந்த முறை கப்பலில் பெண்கள் தங்க ஏற்பாடு இல்லை. கருவியை இயக்க வேறொருவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பவும்.

கடிதத்தோடு சித்தூருக்குப் போனேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் வாங்கி இரண்டு தரம் படித்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏற்பாடு இல்லன்னா என் கையெழுத்து இன்னாத்துக்கு கேட்டாங்க? ரெண்டு வாரம் ஒரு மனுஷனை அடிச்சுப் போட்ட மாதிரி ஆக்கிட்டு!" பிறகு குரல் இறங்கியது. "நானே போடாம இருந்திருக்கலாம். என்னையாவது திட்டிக்கினு இருந்திருப்ப. இப்ப யார போய்த் திட்டுவ?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "முதல்ல துன்னு" என்றாள். நைனா நான் இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்தார்.

"அடுத்த வருஷமும் பாரம் வருமா?"

"வரும்."

"அந்தக் கட்டம் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப எங்கிட்ட கொண்டாராத. நீயே போட்டுக்க. எட்டாங்கிளாஸ் ரேங்க் கார்டுல என் கையெழுத்த போட்டவதான நீ? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என்னுதவிட நல்லாவே போட்டிருந்த."

அம்மா கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு முகம் சுட்டது.

மறு வருஷம் பாரம் வந்தது. அந்தக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நைனாவுடையதை அல்ல, என்னுடையதை. பேராசிரியர் பார்த்தார், உறையில் போட்டு ஒட்டினார். யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த முறை கப்பலில் எனக்கு இடம் இருந்தது.