திட்டுக்குச் சாட்சி சொன்னவர்

அருளப்பன் மாமா காலமாகிவிட்டார் என்ற செய்தி பட்டாபிராம் மளிகைக்கடை போனுக்கு வந்தது. தெருவில் மற்றவர்களுக்குப் போன் வந்தால் ஒரு குரல் கொடுப்பதோடு சரி; எனக்கென்றால் முதலாளியே ஓடிவருவார். அன்றைக்கும் ஓடிவந்தார். வராமலே இருந்திருக்கலாம்.

மாமா என் அக்காவின் கணவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை, குடியிருப்பு மேனாம்பேடு. ஷிப்டு முடிந்தால் நேரே ஏரிக்கரைதான். ஏரி நடுவே கருவேலம் அடர்ந்த சின்னத் திட்டு; நீர்க்காகமும் கூழைக்கடாவும் அங்கே கூடு கட்டும். ஆலாப் பறவைகள் மேலே வட்டமடிக்கும். அவை ரஷ்யாவிலிருந்து என்னைப் பார்க்கத்தான் வருகின்றன என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

"மச்சான், அதுங்க நம்ம கடக்கரைலேர்ந்து வருது. அதுவே அதுங்களுக்குத் தூரம்தான்" என்பார் மாமா. பொய் அவர் வாயில் நுழையாது. அவர் சொன்னால் ஊர் நம்பும்.

எண்பதுகளில் சிலர் லாரி டியூபில் மிதந்துபோய், முட்டையும் குஞ்சுமாகக் கோணியில் அள்ளத் தொடங்கினார்கள். தட்டிக்கேட்ட மாமாவைக் கீழே தள்ளிவிட்டார்கள். முழங்கை சிராய்த்து வந்தவர் சோற்றைத் தொடவில்லை. "கண்ணு தெறக்காத குஞ்சு, மச்சான்" என்றார்.

மறுநாளே ஏரிக்கரை டீக்கடையில் நான் முதலையை இறக்கினேன். "பன்னெண்டு அடி! என் செருப்பக் கவ்விகினு போச்சு!"

"இன்னா நைனா, போன வாரம் புலி, இந்த வாரம் முதலையா?" கடையே சிரித்தது. டியூப்காரர்களில் ஒருவன் மாமாவிடம் திரும்பினான். "அண்ணாத்தே, நீ சொல்லு. முதலை கீதா?"

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "நான் அந்தத் தண்ணியில கால வெக்கமாட்டேம்பா" என்றார்.

அது சத்தியம். கூடு கலையும் என்று அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. டியூப்கள் கரையேறின. அந்த ஞாயிறு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது மட்டும் மாமா வழக்கத்தைவிட நேரமெடுத்தார்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்ததும் அதே டியூப்காரன், தலை நரைத்துப்போனவன், என் பக்கத்தில் வந்தான். "நைனா, இப்பவாவது நெசத்தச் சொல்லு. கீதா, இல்லியா?"

"கீதுடா. இப்ப பதினெட்டு அடி!"

யாரும் சிரிக்கவில்லை. மாமா என்ன சொல்லப்போகிறார் என்று பழக்கதோஷத்தில் எல்லோரும் திரும்பினார்கள். புதுமண்தான் இருந்தது. நானும்தான் திரும்பினேன்.

முதலை உண்டா இல்லையா என்று இங்கே எழுதமாட்டேன். திட்டில் குஞ்சுகள் இன்னும் பறக்கப் பழகவில்லை. போய்வாருங்கள், மாமா. கரையில் நான் இருக்கிறேன். தண்ணீரில் கால் வைக்கமாட்டேன்.