பதினேழாம் பஸ்ஸுக்குப் பச்சைக் கோடு

பேருந்துப் பணிமனையில் அவருக்குக் கலர் சார் என்று பெயர். வைத்தவர்கள் மெக்கானிக்குகள். அது கேலி என்று அவருக்கு உறைக்கவே இல்லை. பட்டம் கொடுத்ததுபோல் பூரித்துப்போனார்.

முன்பு டயர் கிடங்கில் இருந்தார். பிறகு நேரக் காப்பாளர் அறை, பிறகு தொலைந்த பொருள் பிரிவு. போன இடமெல்லாம் நாற்காலியைத் தேய்த்ததைத் தவிர வேறு வேலை செய்ததற்குச் சாட்சி இல்லை. மேலாளரின் மைத்துனர் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில், அறிக்கை தயாரிக்கும் மென்பொருளைக் கற்க, தொடக்க நிலைப் பயிற்சிக்கு மூன்று நாள் அனுப்பினார்கள். இரண்டாம் நாள் தலைவலி என்று பாதியில் எழுந்து வந்தவர், சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டார். பயிற்சிப் புத்தகத்தின் மேல் காபிக் குவளையை வைத்தார்.

எதிர் மேசையில் இருந்தவர் பதிவு எழுத்தர். எந்தப் பஸ் எங்கே நின்றது, எதனால் நின்றது என்று பதினோரு வருடமாகத் தன் கணினியில் ஒரு டேட்டாபேஸ் ஃபைலில் பதிந்துவரும் பெண். அவர் கணவர் ஓட்டுவது பதினேழாம் நம்பர். இந்த வருடம் மட்டும் நான்கு முறை அதில் பிரேக் பிடிக்கவில்லை. நான்கையும் பதிந்தது மனைவியின் விரல்கள்தான்.

வருடத் தொடக்கத்தில் கலர் சார் அந்த ஃபைலை மென்பொருளில் ஏற்றப் போனார். வேறொருவர் திறந்து வைத்திருப்பதாகத் திரை மறுத்துவிட்டது.

"மேடம், ஃபைலை மூடுங்க. நான் உள்ள இழுக்கணும்."

"காலைப் பதிவு முடியல சார். அரை மணி நேரம் பொறுங்க."

சான்றிதழ் வாங்கிய மனிதர் பொறுப்பாரா? ஃபைலை அப்படியே ஒரு பிரதி எடுத்துத் தன் கணினியில் போட்டு, அதை மென்பொருளில் ஏற்றினார். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்துவார். மென்பொருள் என்ன செய்யும், பாவம்! அதே பழைய பிரதியைத்தான் மறுபடி மறுபடி படித்தது. ஏழு மாதம். ஏட்டுச் சுரைக்காயைத் தினுசு தினுசாக வண்ணமடித்துப் பரிமாறினார் மனிதர். பழுதுகள் அதிகரிக்கவே இல்லை என்று மேலாளரும் அகமகிழ்ந்து தலைமையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஊமைக்கு உளறுவாயன் உசத்தி.

அப்போதுதான் ஆறு புதுப் பஸ்கள் வருவதாகச் செய்தி வந்தது. அறிக்கையில் மோசமான ஆறு வண்டிகளை ஓரங்கட்டுவார்கள். பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பதினேழுக்குப் பச்சைக் கோடு.

"பாத்தியா, என் வண்டிதான் டிப்போவுல இருக்கறதுலயே நல்ல வண்டியாம்," என்றார் கணவர், வீட்டில் செருப்பைக் கழற்றியபடி.

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லம்மா. இறக்கத்துல பிரேக்க மிதிச்சா, 'யாரது?'ன்னு கேக்குது."

அவர் சிரித்தார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை நேராகக் கலர் சாரிடம் போனார்.

"பதினேழுக்கு இந்த வருஷம் நான் இருபத்திமூணு புகார் போட்டிருக்கேன் சார். இதுல ரெண்டுதான் இருக்கு."

"நீங்க போடறது என்ட்ரி. இது அனாலிசிஸ். ரெண்டும் வேற மேடம், உங்களுக்குப் புரியாது."

புரியாதவர் பட்டியலை இன்னொரு முறை படித்தார். நல்ல வண்டிகளில் ஒன்பதாம் நம்பருக்கு இரண்டாவது இடம். தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு தன் ஃபைலை மூடிவிட்டு, பட்டியலை உறுதிசெய்யும் கூட்டம் தொடங்கியதும் அந்த அறைக்குப் போனார்.

மேலாளர் பேனாவைத் திறந்திருந்தார். "சார், கையெழுத்துக்கு முன்னாடி ஒன்பதாம் நம்பரக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க," என்றார் எழுத்தர்.

"தாராளமா!" கலர் சார் திரையில் விரலை ஓட்டினார். "அருமையான வண்டி. மூணே மூணு புகார்."

தலைமை மெக்கானிக்கால் அடக்க முடியவில்லை. "இனிமே அதுக்குப் புகாரே வராது சார். இஞ்சின் எரிஞ்சு மூணு மாசம் ஆச்சு. அதோ பாருங்க, எங்க பசங்க துணி காயப்போட்டிருக்காங்களே, அதான்."

எல்லோரும் திரும்பினார்கள். சக்கரம் இல்லாத ஒன்பதாம் நம்பரின் மேல் நீலச் சட்டைகள் ஆடின.

"என்ன மச்சான் இது?" என்றார் மேலாளர். ஆபீசில் அந்த உறவு அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"நெட்வொர்க் ஸ்லோ மாமா," என்றார் கலர் சார்.

எழுத்தர் அவரைத் தாண்டிப் போய் அங்கிருந்த கணினி முன் உட்கார்ந்தார். கலர் சாரின் குவளைக்கு அடியில் கிடந்த பயிற்சிப் புத்தகத்தை அவர் என்றோ படித்து முடித்திருந்தார். தரவு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் பகுதியைத் திறந்தார்: கலர் சாரின் கணினி, 'புது ஃபோல்டர்', அதற்குள் பிரதி. அதை மாற்றித் தன் ஃபைலைக் காட்டினார். புகார் அட்டவணையில் ஒரு குறி, 'ஏற்று' பொத்தானில் ஓர் அழுத்து, அவ்வளவுதான். மேலாளரின் தேநீர்கூட ஆறவில்லை. பச்சையெல்லாம் உதிர்ந்து, பதினேழு சிவப்பாக, ஓரங்கட்டும் பட்டியலின் தலையில் போய் நின்றது.

மேலாளர் அதில் கையெழுத்திட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பதினேழாம் பஸ், ஒன்பதின் பக்கத்தில் நின்றது. கணவர் அதிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்குவதை எழுத்தர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் குரல் கேட்டது.

"மேடம், அந்தச் சிவப்பு கண்ண உறுத்துது. கொஞ்சம் இளஞ்சிவப்பா மாத்திடட்டுமா?"

"மாத்திக்கங்க சார். ஃபைல மட்டும் தொடாதீங்க."