சவரக்கத்தியும் ஸ்கூட்டர் சாவியும்

ஸ்கூட்டர் சாவியை என் மனைவி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்த வாரத்தில்தான் நான் சவரக்கத்தி வாங்கினேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருந்தது.

ஒரு சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பார்த்தது டிவியை அல்ல.

"ஏங்க, உங்க வலது கை நடுங்குது."

கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே நீட்டினேன். அசையவில்லை.

"எங்க நடுங்குது?"

"இப்ப இல்ல. சித்த முன்னாடி."

பணிக்காலம் முழுவதும் ஆவடித் தொழிற்சாலையில் இஞ்ஜின்களைச் சோதித்து, தேறியவற்றை அனுப்பித் தேறாதவற்றைத் திருப்பியவன் நான். நிரூபிக்க முடியாத புகாரைப் பதிவு செய்ய முடியாது என்று அவளிடம் சொன்னேன். அவள் பதிவு செய்யச் சொல்லவில்லை. மறுநாள் சாவியைக் காணோம்.

எனக்கு வீட்டில் உட்காரத் தெரியாது. காலை டிபன் முடிந்ததும் அம்பத்தூரிலிருந்து பாடிக்கு வண்டியில் போய் ஒரு போல்ட் வாங்குவேன். அளவு சரியில்லை என்று வாங்கும்போதே தெரியும். சரியாக இருந்தால் மறுநாள் மாற்றப் போக முடியாதே. மாங்காட்டுக்குப் போவேன், அம்மனைக் கும்பிடும் நேரத்தைவிடச் செருப்பைத் தேடும் நேரம் அதிகம். சாவி போன பிறகு கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். எங்கள் கூடத்தில் அதிக தூரம் நடக்க முடியாது.

மூன்றாம் நாள் அவளிடம் ஒப்பந்தம் பேசினேன்.

"பழைய மாதிரி சவரக்கத்தி, மடக்குக் கத்தி. அத வச்சு ஒரு கீறல் இல்லாம முகம் வழிச்சுக் காட்டுறேன். காட்டினா சாவியக் குடுத்துடணும்."

"கழுத்த அறுத்துக்கிட்டா?"

"அப்புறம் உனக்குச் சாவிப் பிரச்சினையே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

கத்தியும் அதைத் தீட்டும் தோல் வாரும் தபாலில் வந்தன. அதற்குள் செய்முறை முழுவதையும் படித்து முடித்திருந்தேன். வாரில் தேய்க்கும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர்ப்பக்கம் பின்னால் இழுபட வேண்டும். இது நன்றாகத் தெரிந்திருந்தும் முதல் முயற்சியிலேயே கத்தியைத் தப்பாகத் திருப்பிப் புது வாரில் ஒரு சீவல் எடுத்தேன். அடுத்து பலூன். ஊதின பலூனில் நுரை பூசி, வெடிக்காமல் வழித்தெடுத்தால் கை தேறிவிட்டது என்பார்கள். முதல் பலூன் வெடித்ததும் சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

"என்னங்க அது?"

"கன்னம்."

பலூன்கள் தீர்ந்ததும் என் கன்னத்துக்கு வந்தேன். முகத்தை வெந்நீரில் ஊறவைத்து, நுரை போட்டு, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து மயிர் சாயும் திசையில் இறக்க வேண்டும். கொஞ்சம் நிமிர்த்தினால் வெட்டும். ரொம்பப் படுத்தால் மயிரைப் பிடுங்கும். இடது கன்னத்துக்கு வலது கையைக் கொண்டுபோனால் கண்ணாடியில் முகத்தைக் கையே மறைக்கும். நான் படித்த எதிலும் இதை யாரும் சொல்லவில்லை.

பழகுவதற்கும் நாள் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி சவரம் கூடாது. அமாவாசை கூடாது. கிருத்திகை சந்தேகத்துக்குரியது. மற்ற நாளில் வழித்தாலும் குளிக்காமல் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. கத்தியைத் தொடக்கூடாத நாட்களில் வாரை மட்டும் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

தாடையில் இரண்டு கீறல் விழுந்த அன்று, தலைமுடி வெட்ட அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வழக்கமான சலூனுக்கு நடந்து போனேன். கடைக்காரர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், பூனை பிராண்டிச்சா?"

"நானேதான். சவரக்கத்தி."

"நாங்களே அத்தத் தூக்கிப் போட்டுட்டு பாதி பிளேடு சொருவிக்கினு கீறோம். ரிட்டயர் ஆயி என் பொழப்புல கை வைக்கிறியா நீ?"

"கை நடுங்குதான்னு பாக்குறேன்."

"நடுங்கினா இந்நேரம் இங்க ஏன் சார் வர்ற? வேற எடத்துக்குத் தூக்கிக்கினு போயிருப்பாங்க."

இதை நிபுணர் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

மேல் உதடு கடைசியாக வசப்பட்டது. அதற்குள் எனக்கு ஒரு விஷயம் பிடித்துப் போயிருந்தது. கத்தி தோலில் இருக்கும்வரை வேறு எதையும் நினைக்க முடியாது. பாடி, போல்ட், சாவி எதுவும் கிடையாது. நுரைக்கு அடியில் மயிர் அறுபடும் மெல்லிய சத்தம் மட்டும். கத்தியைக் கழுவித் துடைத்து மடக்கியதும் கால்கள் மறுபடி நடக்கத் தொடங்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டினேன். குளியலறை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுப் பஞ்சும் மஞ்சள்தூளுமாக உட்கார்ந்தாள். நான் அவசரப்படவில்லை. முடிந்ததும் என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, காதோரம், தாடைக்கு அடி, மூக்கோரம் எல்லாம் பார்த்தாள். நான் இஞ்ஜின்களைக்கூட அவ்வளவு நம்பிக்கையில்லாமல் பார்த்ததில்லை.

"ஒரு சொட்டு இல்ல," என்றாள். குரலில் ஏமாற்றமா நிம்மதியா தெரியவில்லை. போய் அரிசி டப்பாவைத் திறந்து சாவியைக் கொண்டுவந்தாள்.

அன்றே வேலப்பன்சாவடிக்குக் கிளம்பினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. வானகரம் சிக்னலில் சிவப்பு. வண்டியை நிறுத்தி, வலது கையைத் தொடைமேல் வைத்தேன்.

கை ஆடியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டுவதுபோல அசைந்தன. ஆக்சிலரேட்டரைப் பிடித்தேன், நின்றது. எடுத்துத் தொடைமேல் வைத்தேன். சற்றுப் பொறுத்து மறுபடி உருட்டத் தொடங்கியது. பிடித்தேன். விட்டேன்.

"யோவ் பெரிசு, பச்ச உழுந்து எவ்ளோ நேரமாவுது. தூங்கிக்கினு கீறியா?" என்று பின்னால் ஆட்டோவிலிருந்து குரல் வந்தது.

ஓரமாக ஒதுங்கி நின்றேன். சுமை ஏற்றினால் சீராக ஓடி, சும்மா ஓடவிட்டால் உதறுகிற இஞ்ஜின் உண்டு. இரண்டு நிலையிலும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கத்தியவன் நான். என் கையைச் சுமையில் மட்டும் சோதித்துத் தேறிவிட்டதாக அறிவித்திருக்கிறேன். டிவி பார்க்கும்போது என்று அவள் சொன்னாள். சும்மா இருந்த கையைத்தான் சொன்னாள். நானோ தூக்கி நீட்டிக் காட்டினேன்.

சும்மா இருக்கும்போது மட்டும் ஆடுகிற கைக்கு மருத்துவத்தில் என்ன பொருள் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் படித்து வைப்பதில் இந்தச் சங்கடம் உண்டு.

திரும்பி வரும் வழியெல்லாம் மறைப்பதற்கான வழிகளை யோசித்தேன். டிவி முன்னால் கையைச் சும்மா வைக்காமல் பேப்பரைப் பிடித்துக்கொள்ளலாம். சட்டைப்பையில் விட்டுக்கொள்ளலாம். கை ஓயாமல் இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு நல்ல பயிற்சி இருக்கிறது. இத்தனை நாளும் பாடிக்கும் மாங்காட்டுக்கும் ஓடியது நானா, கையா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

வீட்டில் சாவியை அவள் முன்னால் வைத்தேன்.

"என்ன ஆச்சு? எங்கயாவது இடிச்சீங்களா?"

"இல்ல. நான் பண்ணது தப்பான டெஸ்ட். உக்காரு."

கையை மடியில் வைத்தேன். டிவியைப் போடவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"இதத்தானே நான் சொன்னேன்," என்றாள்.

"ஆமா."

"வண்டி ஓட்டும்போது ஆடல இல்ல?"

"ஆடல. ஆனா என்னன்னு தெரியாம இனிமே ஓட்டக்கூடாது."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அரிசி டப்பா திறக்கும் சத்தம் கேட்கவில்லை. வாசல் கதவருகே இருந்த ஆணியில் மாட்டியிருந்தாள்.

பூந்தமல்லியில் நரம்பு டாக்டரைப் பார்க்க நேரம் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று விடியற்காலையிலேயே எழுந்து, கூடத்தில் நடந்து, கொல்லைக்குப் போய், மறுபடி கூடத்துக்கு வந்தேன். குளியலறையில் வெளிச்சம் தெரிந்தது. வாளியில் வெந்நீர் விளாவியிருந்தது. நுரைக் கிண்ணம், பிரஷ், கத்தி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

"இன்னைக்குச் செவ்வாய்," என்றேன்.

"தெரியும். வழிச்சுக்கோங்க."

ஸ்டூலை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை பஞ்சு கொண்டுவரவில்லை. நான் வாரில் கத்தியைத் தேய்த்து, தோலை இழுத்துப் பிடித்து, காதோரத்திலிருந்து இறக்கத் தொடங்கினேன். கை ஆடாமல் நின்றது. கண்ணாடியில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

"இருக்கச் சொல்லட்டுமா?" என்றாள்.

கத்தி தாடையில் இருந்ததால் நான் பேசவில்லை. அவள் எழுந்து போய், கொஞ்ச நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.