ஐஸில் புதைத்த ரத்தம்

தாண்டவராயனுக்கு ஊசி போடும் கை அப்படியொரு கை, குத்தினதே தெரியாது. கோவளத்துக்குத் தெற்கே மீனவக் குப்பத்தில் பிறந்தவர். செங்கல்பட்டில் ஒரு லேபில் பதினெட்டு வருஷமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ரெண்டாவது குத்துன்ற பேச்சே கெடையாது" என்று அவரே சொல்லிக்கொள்வார். ஜம்பம்தான். ஆனால் நிஜமான ஜம்பம்!

இரண்டாயிரத்து ஒன்பதில் விசாகா என்ற டாக்டரம்மா அவரைத் தேடி வந்தார். இடுப்பு பருத்து, சர்க்கரையும் பிரஷரும் கொழுப்பும் கூட்டுச் சேர்ந்து ஏறுகிற கோளாறைப் பற்றி ஆராய்ச்சி. ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் மிதக்கின்றனவாம். நோய் முற்றுவதற்கு முன்னாலேயே அவை துப்புக் கொடுக்குமா என்று பார்க்க, கடலோர ஜனங்களின் ரத்தமும் வேண்டுமாம்.

குப்பத்தில் ஊசி என்றாலே ஓட்டம்தான். தாண்டவராயன் வீடு வீடாக ஏறி இறங்கினார். "ஊசி போட நான் கீறேன் இல்ல?" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக முப்பத்திரண்டு பேர் விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து கை நீட்டினார்கள். முதல் ஆள் மீன் விற்கிற சம்பூர்ணம். "டீ கூட குடிக்காம வந்துகீறேன், சீக்கிரம் எடு" என்று அதட்டினாள்.

"ஐஸ்ல வச்சு எடுத்துட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மீன்காரன் பிள்ளைக்கு ஐஸ் வைக்கச் சொல்லித் தரணுமா? வஞ்சிரத்துக்கு வைக்கிற மாதிரியே ஐஸை உடைத்து, கல்லுப்பு தூவி, குழாய்களை அடுக்கடுக்காகப் புதைத்து, சாக்குப் போட்டு மூடி பஸ் ஏறினார். வழியெல்லாம் பாட்டு வேறு.

லேபில் மிஷினில் போட்டுச் சுற்றினார்கள். மேலே தேன் நிறத்தில் தெளிய வேண்டிய நீர், முப்பத்திரண்டு குழாயிலும் நன்னாரி சர்பத்தாகச் சிவந்து நின்றது.

"நேரா ஐஸ்ல படவே கூடாதுங்க. உப்பு வேற போட்டதால குளிர் இன்னும் ஏறி, ரத்தம் கட்டியா உறைஞ்சு சிவப்பணு உடைஞ்சிடுச்சு; அதுல இருக்கிற துணுக்கும் இந்தத் தண்ணியோட கலந்துடுச்சு, இனி கணக்கு சரியா வராது" என்றார் விசாகா. "நானும் விளக்கமா சொல்லியிருக்கணும். மறுபடியும் குடுப்பாங்களா, கேட்டுப் பாருங்க. இல்லன்னா உங்க ஊரை விட்டுட வேண்டியதுதான்."

தாண்டவராயனுக்குச் சோறு இறங்கவில்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பது? வேற டெஸ்ட் என்று புளுகிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சீ, நம்மை நம்பிக் கை நீட்டின ஜனமாச்சே! மறுநாள் காலையில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கே போய், சம்பூர்ணத்திடம் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். "அடப்பாவி, எங்க ரத்தத்துக்கு உப்பு போட்டு ஐஸ் வச்சியா?" கரையே சிரித்தது.

"திருப்பிக் கேக்க எனக்கு மூஞ்சி இல்லக்கா."

"மூஞ்சிக்கு இன்னாடா? நான் வித்த மீனு கெட்டுப் போச்சுன்னு எடுத்தாந்தா, வேற மீனு குடுக்கறன் இல்ல? நீயும் கெட்டுப் போச்சுன்னு மறைக்காம வந்து சொன்ன. ஞாயித்துக்கெழம வா."

ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு பேரும் வந்தார்கள், ஒருத்தர் குறையவில்லை. முதலில் சம்பூர்ணம் உட்கார்ந்தாள். தாண்டவராயன் அவள் முகத்தைப் பார்க்காமலே ஊசியை எடுத்தார். குத்தினார். ரத்தம் வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நரம்பு தப்பிவிட்டது. அதுவும் ஊரே பார்க்க!

சம்பூர்ணம் மறு கையை நீட்டினாள்.

"இன்னாத்துக்கு முழிச்சிகினு கீற? இதுல குத்து. இன்னொரு தபா குடுக்கத்தான வந்துகீறோம்?"

இந்தத் தடவை குழாய்களைத் துணியில் சுற்றி, ஐஸ் படாமல் கொண்டுபோனார். முப்பத்திரண்டும் தேன் நிறத்தில் தெளிந்தன. ரெண்டாவது குத்தே கிடையாது என்கிற பேச்சை மட்டும் தாண்டவராயன் அதோடு விட்டுவிட்டார்.