சித்தப்பா கேட்ட தண்டனை

பிழை செய்தால் கடவுள் உண்மையாகவே அடிப்பாரா என்று போன கிழமை, பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேட்டீர்கள். தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்ததால் பிறகு சொல்கிறேன் என்று தப்பிவிட்டேன். சத்தியமாக எனக்கு அது தெரியாது. எனக்குப் பத்து வயதாயிருக்கும்போது ஒரு பின்னேரம் நடந்த விஷயம் மட்டும் தெரியும். அதை எழுதித் தருகிறேன்.

சண்டையால் இடம்பெயர்ந்திருந்த நாங்கள் மீள்குடியேறி வட்டக்கச்சிக்கு வந்த புதிதில் எல்லாக் காணியும் ஆள் உயரத்துக்குப் பற்றை. அதற்குள் சுற்றுக்கட்டு இல்லாத கிணறு ஒன்று இருந்தது ஒருவருக்கும் தெரியாது. சித்தப்பாவின் மகள், ஐந்து வயதுப் பிள்ளை, தும்பியைக் கலைத்துக்கொண்டு போய் அதற்குள் விழுந்து செத்துப்போனாள். சித்தப்பா தனி ஆளாக நின்று அந்தக் கிணற்றை மண் போட்டு மூடினார். ஆனால் மழை பெய்யும்போதெல்லாம் அந்த இடம் மட்டும் வட்டமாகத் தாழும். அவர் திரும்ப மண் போடுவார். அது திரும்பத் தாழும். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடப்போம்.

சித்தப்பா கடவுள் இல்லையென்று சொல்கிறவர். மகள் சாக முதலே அப்படித்தான். கோயில் திருவிழாவுக்கு வாழை வெட்டிக் கட்டிக் கொடுப்பார், உள்ளே மட்டும் போகமாட்டார். சித்தியின் தமையனை நாங்கள் மாமா என்போம். அவர் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி, ஸ்கந்தபுரத்தில் ஒரு சபையில் ஜெபம் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிய வெள்ளைச் சேட்டோடு சைக்கிளில் வருவார். பிளேன்ரீ வர முதலே வாதம் தொடங்கிவிடும். எங்களுக்கு அது படம் பார்ப்பது மாதிரி.

"கடவுளுக்குப் பயமில்லாதவன் நல்லவனா இருக்கேலாது, மச்சான்," என்பார் மாமா.

"அப்ப நரகம் இல்லையெண்டு நாளைக்கு உறுதியாத் தெரிஞ்சா, அத்தான், என்ரை மண்வெட்டியைக் களவெடுத்துக்கொண்டு போயிடுவியளோ?"

"உம்மடை மண்வெட்டிக்குப் பிடியே இல்லை. அதை ஆர் எடுக்கிறது!"

எல்லோரும் சிரிப்போம். சித்தி மட்டும் சிரிக்கமாட்டா. மகள் போன பிறகு அவா கதைப்பதே குறைவு. வாதம் நடக்கும்போது இரண்டு பேருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பா.

அந்த ஞாயிறு மாரி பிடித்துவிட்டது. வயலெல்லாம் வெள்ளம். நாங்கள் கொட்டிலுக்குள் இருந்து விதைக்கு வைத்த கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். வானம் இருண்டு, காலையிலிருந்து கத்திய தவளைகள் ஏனோ ஒரேயடியாக அடங்கிப்போயிருந்தன. மாமா சித்தியைத் தன் சபைக்கு வரச்சொல்லிக் கேட்டார்.

"அவா விரும்பினா வரட்டும்," என்றார் சித்தப்பா. "ஆனா பயப்பிடுத்திக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ."

மாமாவுக்குச் சுட்டுவிட்டது. "பயப்பிடத்தான் வேணும், மச்சான். தேவனை இல்லையெண்டு சொல்லுற வீட்டிலை ஒரு பிள்ளை நிலைக்குமோ?"

கச்சான் உடைகிற சத்தம் நின்றது.

சித்தப்பா எழும்பினார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கதைத்தார்.

"இல்லையெண்டு சொன்னது நான். பிள்ளை என்ன சொன்னவள்? தண்டிக்கிற ஒருத்தர் மேலை இருந்தா, ஆளை மாறி அடிப்பாரோ? இந்தா நிக்கிறன். இப்ப அடிக்கட்டும்."

குறுக்கு மரத்துக்குக் கீழே வந்து நின்று, தலையைக் குனிந்து பிடரியைக் காட்டினார்.

கூரைக் கிடுகு சரசரத்தது. நாகம். எலி தேடி வந்திருக்கும், வெள்ளத்துக்கு ஒதுங்கியிருக்கும் என்பதெல்லாம் பிறகு நாங்கள் சொல்லிக்கொண்டது. அப்போது அது கூப்பிட்டவுடன் வந்ததுபோலத்தான் இருந்தது. அரைவாசி உடம்பு மரத்தில் இருக்க, மிச்சம் அவசரமே இல்லாமல் சித்தப்பாவின் பிடரிக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

மாமாவைப் பார்த்தேன். அவரும் கண்டுவிட்டார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சித்தியைப் பார்த்தேன். அவா எங்களுக்கெல்லாம் முதலே கண்டிருக்க வேண்டும். முகத்தில் பயமே இல்லை. கனநாள் வராமலிருந்த ஆள் ஒருவர் படலையைத் திறந்து வருவதைப் பார்ப்பதுபோலக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன, உங்கடை ஆளை இன்னும் காணேல்லை?" என்றார் சித்தப்பா குனிந்தபடியே.

பாம்பு படம் விரித்தது.

மாமா பாய்ந்தார். சித்தப்பாவை இடுப்பில் கட்டிப்பிடித்து இழுக்க, இரண்டு பேருமாகக் கச்சான் கடகத்துக்கு மேல் விழுந்தார்கள். பாம்பு பொத்தென்று நிலத்தில் விழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு, வாசலால் ஊர்ந்து மூடின கிணற்றுப் பக்கமாகப் போனது. ஒருவரும் தடி எடுக்கவில்லை.

முதலில் சிரித்தது சித்தப்பாதான். "அத்தான், உங்கடை கடவுள் அனுப்பின ஆளை நீங்களே மறிச்சுப்போட்டியளே!"

மாமா சிரிக்கவில்லை. "நான் ஒண்டும் யோசிக்கேல்லை, மச்சான். கை தானாப் போச்சு," என்றார். அந்தக் கையை வேறு யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போதுதான் சித்தி வாய் திறந்தா.

"ஏனண்ணை இழுத்தனீங்கள்?"

கத்தவில்லை, அழவும் இல்லை. தண்ணீர் கேட்பது மாதிரிக் கேட்டா. சித்தப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் போய் அவாவுக்குப் பக்கத்தில் இருந்து, சிந்திய கச்சானைப் பொறுக்கத் தொடங்கினார். மாமா சைக்கிளை எடுத்தார். பிறகும் ஞாயிறுகளில் வந்தார், வாதாடினார், ஆனால் பிள்ளையின் கதையை அவர் எடுக்கவேயில்லை.

எனக்குச் சித்தியைக் கண்டால் பயமாகப் போய்விட்டது. புருசன் சாகவேண்டும் என்று நினைத்த மனிசி என்று எண்ணிக்கொண்டேன். அவா தருகிற தேத்தண்ணீரை வேலிக்கரையில் ஊற்றிவிட்டு, குடித்தேன் என்று சொல்லுவேன். அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது, அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினா. ஏனென்று சொல்லவில்லை.

மூத்தவளே, மூன்று வயதில் உனக்குக் காய்ச்சல் கூடி வலிப்பு வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் நின்று, பிறந்ததிலிருந்து நான் விட்ட பிழைகளையெல்லாம் தேடினேன். ஒன்று அகப்பட்டால் போதும் என்றிருந்தது. இதனால்தான் என்று ஒன்று இருந்தால் அதற்குரிய அடியை நான் வாங்கிக்கொள்ளலாம். ஒரு காரணமும் இல்லாமல் சும்மா வந்தது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த நேரம் சித்தியின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

பத்து வயதில் நான் கண்டது ஒரு பாம்பை. அவா கண்டது, தன் பிள்ளை சும்மா சாகவில்லை என்று சொல்ல வந்த ஒருவரை.